வெளிநாட்டில் கணவனோ மனைவியோ நோயில் விழுந்தால்

வயலையும் தோட்டத்தையும் விட்டு இடம்பெயர்ந்த குடும்பத்துக்குக் கடைசியில் எஞ்சுவது உழைக்கும் கைகள்தான். வன்னியில் நெல் விதைத்தவர் றியாத்தில் வீட்டுச் சாரதியாக இருக்கிறார். வலிகாமத்தில் வெங்காயம் நட்டவர் தோகாவில் கட்டிட வேலை செய்கிறார். மனைவி பிள்ளைகளுடன் கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் வாடகைக்கு இருப்பார், அல்லது வெள்ளவத்தையில் உறவினர் வீட்டின் ஒரு பக்கத்தில் ஒதுங்கியிருப்பார். சில குடும்பங்களில் இது மறுபுறமாக இருக்கும்: மனைவி குவைத்தில் ஒரு வீட்டில் வேலை செய்ய, கணவன் இங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வார். பொருளாதார நெருக்கடி ஏற்பட்ட 2022 ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதிலுமிருந்து மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் பதிவு செய்துகொண்டு வெளிநாட்டு வேலைக்குச் சென்றனர். பதியாமல் சென்றவர்கள் இக்கணக்கில் இல்லை.

இப்படிப் போன ஒருவர் அங்கே நெஞ்சுவலியில் மயங்கி விழுந்தார், பாரிசவாதம் வந்து ஒரு பக்கம் இழுத்துவிட்டது, கட்டிடத்திலிருந்து விழுந்து இடுப்பு முறிந்தது என்று தொலைபேசியில் செய்தி வருகிறது. அதனுடன் இன்னொரு செய்தியும் சேர்ந்து வருகிறது: "இன்சூரன்ஸ் இல்லையாம். இத்தனை ஆயிரம் றியால் கட்டவேணுமாம்." அன்று மாலையே தாலிக்கொடி செட்டியார் தெருவுக்குப் போகிறது. அடுத்த நாள் காணி உறுதி வட்டிக்காரரின் கைக்குப் போகிறது. பல வருடங்கள் அலைந்து திரும்பப் பெற்ற காணியாக இருந்தாலும் அதுவே நிலைமை.

அந்தப் பணம் உண்மையில் யார் கட்டவேண்டிய பணம் என்பதை ஒருவரும் கேட்பதில்லை. அதைக் கேட்கவேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

காப்புறுதி இல்லை என்றால் என்ன?

இச்சொல்லுக்கு மூன்று வேறு பொருள்கள் இருக்கலாம். முதலாளி எடுக்கவேண்டிய காப்புறுதியை எடுக்காமல் விட்டிருக்கலாம். அல்லது எடுத்திருப்பார், ஆனால் அட்டையை வேலையாளின் கையில் கொடுத்திருக்கமாட்டார். அல்லது அது காலாவதியாகியிருக்கும். மூன்றாவதாக, நோயாளி வேலை விசா இல்லாமல் சுற்றுலா விசாவில் போனவராகவோ, முதலாளியை விட்டு வெளியேறி, அங்குள்ள எம்மவர் சொல்வதுபோலக் 'கல்லிவல்லி'யாக வேலை செய்பவராகவோ இருக்கலாம். முதல் இரண்டு நிலைகளிலும் பணம் கட்டவேண்டியவர் முதலாளி. மூன்றாவது நிலையில்தான் உண்மையான சிக்கல் இருக்கிறது. அதைப் பின்னர் பார்ப்போம்.

சவூதி அரேபியாவில் தனியார்துறை முதலாளி தன் வேலையாட்களுக்குச் சுகாதாரக் காப்புறுதி எடுக்கவேண்டும் என்று 1999 ஆம் ஆண்டின் சட்டம் கட்டாயப்படுத்துகிறது. ஐக்கிய அரபு இராச்சியத்தில் டுபாய் 2013 இல் இதற்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. அபுதாபியில் அதற்கு முன்பிருந்தே இக்கட்டாயம் உண்டு. மற்றைய எமிரேட்டுகளிலும் 2025 ஜனவரி 1 முதல் தனியார்துறை வேலையாட்களுக்கும் வீட்டுப் பணியாளர்களுக்கும் முதலாளி காப்புறுதி எடுக்கவேண்டும். இந்தச் செலவைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. கட்டாரில் அரசாங்கத்தின் ஹமாத் மருத்துவமனைகள் உள்ளன. வதிவிட அனுமதி உள்ளவர் வருடத்துக்கு 100 றியால் கட்டிப் பெறும் சுகாதார அட்டை இருந்தால் அங்கே குறைந்த கட்டணத்தில் சிகிச்சை கிடைக்கும். குவைத்தில் வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கும்போதே சுகாதாரக் காப்புறுதிக் கட்டணமும் செலுத்தப்படுகிறது.

ஆகவே செல்லுபடியாகும் இகாமா உள்ள ஒருவருக்கு, அவர் அறியாமலே ஏதோ ஒரு பாதுகாப்பு இருக்கக்கூடும். சவூதியில் இகாமா இலக்கத்தைக் கொண்டே காப்புறுதி உண்டா என்று பார்க்கலாம். ஐக்கிய அரபு இராச்சியத்தில் எமிரேட்ஸ் அடையாள அட்டையே காப்புறுதி அட்டையாகவும் பயன்படுகிறது. "இன்சூரன்ஸ் இல்லை" என்று அறைத்தோழர் சொல்வதை முடிந்த முடிபாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பாவம், அவருக்கும் தெரியாது. அவரும் பதற்றத்தில் இருக்கிறார்.

வேலையிடத்தில் நேர்ந்த விபத்து என்றால் அது முற்றிலும் வேறு கணக்கு. சவூதியில் தனியார்துறை முதலாளி வெளிநாட்டு வேலையாட்களுக்காகவும் சமூகக் காப்புறுதிப் பொது நிறுவனத்துக்குச் சம்பளத்தின் நூற்றுக்கு 2 பங்கைச் செலுத்தவேண்டும். வேலையாள் ஒரு சதமும் கட்டுவதில்லை. 'கோசி' என்று எல்லோரும் அழைப்பது இந்நிறுவனத்தைத்தான். வேலை விபத்தின் சிகிச்சையும், அதனால் ஏற்பட்ட அங்கவீனத்துக்கான நட்டஈடும் இதற்குள் அடங்கும். ஆனால் விபத்து வேலையிடத்தில் நடந்தது என்று மருத்துவமனைப் பதிவில் எழுதப்பட்டிருக்க வேண்டும். "அறையில் வழுக்கி விழுந்தேன் என்று சொல்லு" என்று மேற்பார்வையாளர் சொல்லிக்கொடுத்தால் ஒருபோதும் அப்படிச் சொல்லவேண்டாம். அந்த ஒரு வார்த்தையில் முழு உரிமையும் போய்விடும்.

வீட்டு வேலைக்குச் சென்ற பெண்களின் நிலை நெடுங்காலம் மோசமாகவே இருந்தது. வளைகுடா நாடுகளின் தொழிற் சட்டங்கள் அவர்களைத் தொழிலாளர் என்றே கணக்கெடுக்கவில்லை. குவைத் 2015 இலும், கட்டாரும் ஐக்கிய அரபு இராச்சியமும் 2017 இலும் வீட்டுப் பணியாளருக்கெனத் தனிச் சட்டங்களை இயற்றின. ஐக்கிய அரபு இராச்சியம் 2022 இல் அதற்குப் பதிலாகப் புதிய சட்டத்தைக் கொண்டுவந்தது. பணிப்பெண் நோயுற்றால் வைத்தியம் பார்க்க வேண்டியது வீட்டுக்காரர் என்பதை இப்போது சட்டமே சொல்கிறது. சட்டத்தில் இருப்பதும் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நடப்பதும் ஒன்றல்ல என்பதை நாம் அறிவோம். ஆனாலும் "நீங்கள்தான் கட்டவேண்டும்" என்று தூதரக அலுவலர் வீட்டுக்காரரிடம் சொல்ல இன்று ஒரு பிடி இருக்கிறது.

அங்கே உங்களுக்கு வரவேண்டிய பணம்

இங்கிருந்து பணம் அனுப்புவதைப்பற்றியே யோசிக்கிறோம். அங்கிருந்து வரவேண்டிய பணத்தைப்பற்றி யோசிப்பதில்லை.

சவூதித் தொழிற் சட்டத்தின்படி நோயுற்ற வேலையாளுக்கு ஒரு வருடத்தில் முதல் 30 நாள்களுக்கு முழுச் சம்பளமும், அடுத்த 60 நாள்களுக்கு முக்கால் சம்பளமும் கொடுக்கவேண்டும். அதன்பின் 30 நாள்கள் சம்பளமற்ற விடுப்பு. ஐக்கிய அரபு இராச்சியத்தில், பரீட்சார்த்தக் காலம் முடிந்தவருக்கு 15 நாள் முழுச் சம்பளமும் 30 நாள் அரைச் சம்பளமும் உண்டு. மேலும் 45 நாள் சம்பளமின்றி இருக்கலாம். கட்டாரில் மூன்று மாத வேலைக்குப் பின் 2 கிழமை முழுச் சம்பளம், 4 கிழமை அரைச் சம்பளம்.

இதைவிட வேலைமுடிவுப் பணம் இருக்கிறது. சவூதியில் முதல் ஐந்து வருடங்களுக்கு வருடம் ஒன்றுக்கு அரைமாதச் சம்பளம், அதற்கு மேற்பட்ட ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாதச் சம்பளம். ஐக்கிய அரபு இராச்சியத்தில் முதல் ஐந்து வருடங்களுக்கு வருடத்துக்கு 21 நாள் அடிப்படைச் சம்பளம். கட்டாரில் வருடத்துக்குக் குறைந்தது மூன்று கிழமைச் சம்பளம். ஏழு வருடம் சவூதிக் கம்பனி ஒன்றில் உழைத்த ஒருவர் பாரிசவாதத்தில் விழுந்து வேலை முடிந்துபோனால், நாலரை மாதச் சம்பளம் அவருக்குச் சேரவேண்டியதாக இருக்கும். நிலுவைச் சம்பளமும் எடுக்காத விடுமுறைக்கான பணமும் இதற்கு மேலதிகம்.

"மருத்துவச் செலவுக்கும் இதற்கும் சரியாகிவிட்டது, இதில் கையெழுத்து வையுங்கள்" என்று அரபு மொழியில் ஒரு தாளை நீட்டுவதும் நடக்கும். கையெழுத்து வைக்கத் தேவையில்லை. தூதரகத்தின் தொழில் நலப் பிரிவு அதை வாசித்துப் பார்க்கும்வரை பொறுத்திருக்கலாம்.

வீட்டுச் சாரதி, பண்ணை வேலையாள், ஆடு மேய்ப்பவர் ஆகியோர் சவூதியில் பொதுத் தொழிற் சட்டத்தின்கீழ் வருவதில்லை. அவர்களுக்கு வேறு விதிகளே பொருந்தும், உரிமைகளும் குறைவு. கமக்காரக் குடும்பங்களிலிருந்து போகிறவர்களில் பலர் இவ்வேலைகளுக்கே போகிறபடியால் இதைத் தனியாகக் குறிப்பிடுகிறோம். கடவுச்சீட்டில் ஒட்டிய விசாவில் எந்தத் தொழில் எழுதப்பட்டிருக்கிறது என்று புறப்படுமுன்பே பார்த்துக்கொள்வது நல்லது. கம்பனிச் சாரதி என்று சொல்லி வீட்டுச் சாரதி விசாவில் அனுப்பினால் வித்தியாசம் நோய் வரும்போதுதான் தெரியும்.

முதல் செய்தி வந்தவுடன்

அழைத்தவரிடம் அழுது முடிப்பதற்குள் தொடர்பு அறுந்துவிடும். ஆகவே கேட்கவேண்டியதை முதலில் கேளுங்கள். "தம்பி, எந்த ஊர், எந்த ஆஸ்பத்திரி? வாட் நம்பர் என்ன? ஃபைல் நம்பரைப் படம் எடுத்து அனுப்புங்கோ. கபீலின்ர நம்பரையும் தாங்கோ." மருத்துவமனையின் பெயரும் கோப்பு இலக்கமும் இல்லாமல் தூதரகத்தாலும் ஒன்றும் செய்ய இயலாது. இகாமாவின் இரு பக்கங்களும், கடவுச்சீட்டின் படமுள்ள பக்கமும், வைத்தியர் ஆங்கிலத்தில் எழுதிய நோய் விபரமும் கைபேசிக்கு வந்து சேர்ந்தால் பாதி வேலை முடிந்தது. இன்னும் மருத்துவமனைக்கே கொண்டுபோகவில்லை என்றால் அம்புலன்ஸ் இலக்கத்தை நீங்களே சொல்லிக்கொடுங்கள்: சவூதியில் 997, ஐக்கிய அரபு இராச்சியத்தில் 998, கட்டாரில் 999, குவைத்தில் 112, ஓமானில் 9999. உயிராபத்தான நிலையில் வருபவரைப் பணம் கேட்டு வாசலில் நிறுத்துவதை இந்நாடுகளின் அரச மருத்துவமனைகள் பொதுவாகச் செய்வதில்லை. கணக்கு பின்னர்தான் வரும்.

மருத்துவமனையின் விபரம் எதையும் தராமல் பணம் மட்டும் கேட்கும் குரலை நம்பவேண்டாம். எம் குடும்பங்களின் பதற்றத்தை மூலதனமாக வைத்துப் பிழைப்பவர்களும் இருக்கிறார்கள்.

அடுத்து, எழுத்தில் முறைப்பாடு. அங்கே றியாத், அபுதாபி, தோகா, குவைத், மஸ்கற், அம்மான், பெய்ரூத் ஆகிய நகரங்களில் இலங்கைத் தூதரகங்களும், ஜித்தாவிலும் டுபாயிலும் துணைத்தூதரகங்களும் உள்ளன. இங்கே இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் பத்தரமுல்லையில், கொஸ்வத்தையில் இருக்கிறது. 1985 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைந்த இந்நிறுவனத்தின் 1989 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். வெளிவிவகார அமைச்சின் கொன்சியூலர் பிரிவும் பத்தரமுல்லையிலேயே உள்ளது. கொட்டாஞ்சேனையிலிருந்தோ வெள்ளவத்தையிலிருந்தோ பொரளை, இராஜகிரிய வழியாகக் காலையிலேயே போனால் இரு இடத்திலும் ஒரே நாளில் அலுவலை முடித்துவிடலாம். வடக்கில் இருப்பவர்கள் இதற்காகக் கொழும்புக்கு வந்து லொட்ஜில் தங்கவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில் கொன்சியூலர் பிரிவின் பிராந்திய அலுவலகம் உண்டு. பிரதேச செயலகங்களில் வெளிநாட்டு வேலைவாய்ப்புக்கான அபிவிருத்தி உத்தியோகத்தர்கள் இருக்கிறார்கள். முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதலாம். தமிழ் இந்நாட்டின் அரச கரும மொழி. "சிங்களத்தில் எழுதிக்கொண்டு வாருங்கள்" என்று திருப்பி அனுப்ப ஒருவருக்கும் உரிமை இல்லை. கொடுத்த கடிதத்தின் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள்.

மனைவி என்பதை நிரூபிக்க விவாகச் சான்றிதழ் கேட்பார்கள். இடப்பெயர்வில் எரிந்தோ தொலைந்தோ போயிருந்தால் அதன் உறுதிப்படுத்திய பிரதியைப் பிரதேச செயலகத்தில் விண்ணப்பித்துப் பெறலாம். இதை நோய் வந்தபின் தேடாமல் இன்றே எடுத்து வைப்பது புத்தி. பதிவுத் திருமணம் செய்யாமல் கோயிலில் மட்டும் தாலி கட்டியவர்கள் எம்மிடையே உண்டு. அவர்களுக்கு இந்த இடத்தில்தான் பெரும் இடர் வரும்.

பணியகத்தில் பதிந்து சென்றவராயின் பதிவுடன் சேர்ந்தே ஒரு காப்புறுதி உண்டு. பதிவு பொதுவாக இரண்டு வருடத்துக்கே செல்லுபடியாகும். விடுமுறையில் வந்து திரும்பிப் போகும்போது புதுப்பிக்காமல் போகிறவர்கள் பலர். மிச்சம் பிடித்த அந்தச் சிறு தொகைக்காக இழப்பது பெரிது. அனுப்பிய முகவர் அனுமதிப்பத்திரம் உள்ளவர் என்றால் பணியகம் அவரையும் விசாரணைக்கு அழைக்கும். காலி வீதியில் அலுவலகம் வைத்திருக்கிறார் என்பது அனுமதிப்பத்திரம் அல்ல. அனுமதி இலக்கத்தைப் பணியகத்திடம் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.

அங்கே போய்ப் பார்க்க ஆள் வேண்டும் என்பது இன்னொரு கவலை. டுபாயின் புனித மரியாள் ஆலயத்திலும் தோகாவின் செபமாலை மாதா ஆலயத்திலும் தமிழ்ச் சமூகங்கள் உள்ளன. உங்கள் பங்குத்தந்தை ஒரு மின்னஞ்சல் எழுதினால் நோயாளியின் கட்டிலருகே தமிழ் பேசும் ஒருவர் போய் நிற்கக்கூடும். சவூதியில் ஆலயங்கள் இல்லை. அங்கே தமிழ் முஸ்லிம் சகோதரர்களின் அமைப்புகள் மதம் பாராது மருத்துவமனைகளுக்குப் போய் உதவுகின்றன. லெபனானில் கரித்தாஸ் நிறுவனத்தின் புலம்பெயர்ந்தோர் நிலையம் 1994 முதல் இப்பணியைச் செய்துவருகிறது. பெரிய மருத்துவமனைகளில் சமூக சேவைப் பிரிவு ஒன்று இருக்கும். ஏழை நோயாளியின் கணக்கை ஸக்காத் நிதியிலிருந்தோ செம்பிறைச் சங்கத்தின் மூலமோ குறைக்க ஏற்பாடு செய்வது அவர்களின் வேலை. கேட்டால்தான் செய்வார்கள்.

காணியைத் தொடுமுன்

இவ்வளவும் செய்தபின்னும் பணம் அனுப்பவேண்டி வரலாம். அப்போதும் முழுப் பில்லை அனுப்பச் சொல்லுங்கள். ஒரு துண்டுத் தாளில் எழுதிய மொத்தத் தொகை போதாது. மருத்துவமனையின் பெயர் அச்சிட்ட, விபரமான பில் வேண்டும். அதைக் காட்டி வங்கி மூலம் மருத்துவமனையின் கணக்குக்கே நேரே அனுப்ப முடியுமா என்று வங்கி முகாமையாளரிடம் கேளுங்கள். உண்டியல் விரைவாகப் போய்ச் சேரும் என்பது உண்மை. ஆனால் அதற்குச் சட்டமும் இல்லை, பற்றுச்சீட்டும் இல்லை. பற்றுச்சீட்டு இல்லாத பணத்தை நாளை முதலாளியிடமோ காப்புறுதியிடமோ திருப்பிக் கேட்க முடியாது.

காணியைப்பற்றி ஒரு வார்த்தை. குடியேற்றத் திட்டங்களில் எம்மவர் வைத்திருக்கும் காணிகளில் பெரும்பகுதி 1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பேர்மிட்டில் கிடைத்தவை. இவற்றைப் பிரதேச செயலாளரின் அனுமதியின்றி விற்கவோ ஈடுவைக்கவோ முடியாது. தனியாருக்கு எழுதிக்கொடுக்கும் தாள் சட்டப்படி செல்லாது. செல்லாத தாள்தானே என்று பேர்மிட்டைக் கொடுத்துவிட்டு, அவர் வயலில் இறங்கி உழுதபின் அவரை எழுப்ப ஏலாமல் நிற்பவர்களைக் கேட்டால் தெரியும். உறுதிக் காணியாயின், 'ஈடு' என்று சொல்லி 'அறுதி' எழுதிவிடும் வழக்கம் இருப்பதால் வேறொரு நொத்தாரிசுவிடம் வாசித்துக் காட்டாமல் கையெழுத்து வைக்கவேண்டாம். இரண்டு நாள் தாமதிப்பதால் சிகிச்சை நின்றுவிடாது. இரண்டு நாளில் தூதரகத்தின் பதில் வந்துவிடவும் கூடும்.

சுற்றுலா விசாவில் போனவர்கள்

2022 இன் கடைசியில் ஓமானுக்குச் சுற்றுலா விசாவில் அனுப்பப்பட்ட இலங்கைப் பெண்களின் கதை நாடெங்கும் பேசப்பட்டது. பலர் மஸ்கற் தூதரகத்தின் பாதுகாப்பு இல்லத்தில் தங்கவைக்கப்பட்டிருந்தனர். தூதரகத்தில் பணியாற்றிய ஓர் அலுவலரே கட்டுநாயக்காவில் கைது செய்யப்பட்டார். இப்படிப் போனவருக்கு ஒப்பந்தமும் இல்லை, பணியகத்தின் காப்புறுதியும் இல்லை. நோய் வந்தால் மருத்துவமனைக்குப் போகவே பயம்.

பயத்துக்குக் காரணம் உண்டு என்பதை மறைக்கவில்லை. இகாமா இல்லாத நோயாளியைப்பற்றி மருத்துவமனை பொலிசுக்கு அறிவிக்கலாம். ஆனால் நெஞ்சுவலியை அறையில் ஒளித்து வைப்பதன் முடிவு அதைவிடப் பெரியது. இலங்கைப் பிரசை என்ற ஒன்றே தூதரகத்தின் உதவியைக் கேட்கப் போதுமானது. பதியாமல் போனது குற்றம்போலப் பேசி அலுவலர் ஏசினாலும் கேட்டுக்கொண்டு நின்று கடிதத்தைக் கொடுத்துவிட்டு வாருங்கள். சில நாடுகள் இடையிடையே பொதுமன்னிப்பு அறிவிப்பதுண்டு. ஐக்கிய அரபு இராச்சியம் 2024 செப்டெம்பர் முதல் டிசெம்பர் வரை அவ்வாறு அறிவித்து, விசா முடிந்தவர்கள் தண்டப்பணமின்றி நாடு திரும்ப வழிவிட்டது.

வளைகுடாவுக்கு வெளியே இருப்பவர்களின் நிலை நாட்டுக்கு நாடு வேறு. கனடாவில் அகதிக் கோரிக்கை வைத்தவருக்கு மத்திய அரசின் இடைக்காலச் சுகாதாரத் திட்டம் உண்டு. சுவிற்சர்லாந்தில் அடிப்படைக் காப்புறுதி எல்லோருக்கும் கட்டாயம். பிரான்சில் விசா இல்லாதவருக்கும், மூன்று மாதம் தங்கியிருந்ததைக் காட்டினால் அரச மருத்துவ உதவி கிடைக்கும். மலேசியாவில் ஐ.நா. அகதி அட்டை உள்ளவருக்கு அரச மருத்துவமனையின் வெளிநாட்டவர் கட்டணத்தில் பாதி கழிக்கப்படுகிறது. கட்டணமே அதிகமாகையால் பாதியும் சுமைதான்.

வீட்டுக்குக் கொண்டுவருதல்

நோயாளி ஆபத்தைத் தாண்டியதும், அங்கே நாள் கணக்கில் கட்டணம் ஏறுவதைவிட இங்கே கொண்டுவருவதே பெரும்பாலும் நல்லது. இங்கே அரச மருத்துவமனையில் சிகிச்சை இலவசம். சவூதியில் எசமானர்களால் உடலில் ஆணிகளும் ஊசிகளும் ஏற்றப்பட்ட பணிப்பெண் ஒருவர் 2010 இல் நாடு திரும்பியபோது, அவற்றை அறுவைச் சிகிச்சை செய்து எடுத்தது மாத்தறை மாவட்டத்தின் கம்புறுப்பிட்டி அரச மருத்துவமனை. ஒரு சதமும் கேட்காமல் அந்த வேலையைச் செய்யும் மருத்துவமனைகள் இந்நாட்டில் இன்னும் இருக்கின்றன. 2022 க்குப் பின் சில மருந்துகளை வெளியில் வாங்கச் சொல்கிறார்கள் என்பதும் உண்மை; அதற்கும் கொஞ்சம் கையில் வைத்திருக்க வேண்டும்.

விமானத்தில் ஏற, பயணம் செய்யத் தகுதியானவர் என்று வைத்தியர் எழுதவேண்டும். விமானக் கம்பனிக்கென ஒரு மருத்துவப் படிவமும் உண்டு. சக்கர நாற்காலியில் வரக்கூடியவருக்குச் சாதாரண ரிக்கெற் போதும். படுக்கையில் வரவேண்டியவருக்குப் பல இருக்கைகளை மடக்கி இடம் செய்வார்கள். அத்தனை இருக்கைக்கும் கட்டணம் அறவிடுவார்கள். கூடவே தாதியோ வைத்தியரோ வரவேண்டியிருக்கும். ஆகவே இன்னும் ஒரு கிழமை பொறுத்தால் உட்கார்ந்து வர முடியுமா என்று வைத்தியரிடம் கேட்பது பெருந்தொகையை மிச்சப்படுத்தும். வீட்டுச் சாரதிக்கும் பணிப்பெண்ணுக்கும் சவூதியிலிருந்து வெளியேற முதலாளியின் சம்மதம் இன்னமும் வேண்டும். 2021 மார்ச்சில் வந்த தளர்வு இவர்களுக்குப் பொருந்தவில்லை. கட்டார் 2020 ஜனவரியில் வீட்டுப் பணியாளர்களுக்கும் இந்த வெளியேறும் அனுமதி முறையை நீக்கிவிட்டது. கட்டாத மருத்துவமனைக் கடன் வழக்காகிப் பயணத்தடை விழுந்திருக்கிறதா என்றும் ரிக்கெற் எடுக்கமுன் தூதரகம் மூலம் அறியவேண்டும்.

கட்டுநாயக்காவில் பணியகத்தின் கருமபீடமும், விமான நிலையத்துக்கு அருகே 'சஹன பியச' என்ற தங்குமிடமும் உள்ளன. வரவேற்க ஆளில்லாமல் நோயோடு திரும்பும் பணியாளரை அங்கே தங்கவைத்து மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். விமான இலக்கத்தை முன்கூட்டியே பணியகத்துக்குக் கொடுத்தால் நல்லது. பின்னர் வீட்டில் நிலைமை மோசமானால் 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்க, சுவசெரிய அம்புலன்ஸ் நாட்டின் எப்பகுதிக்கும் இலவசமாக வரும்.

அங்கிருந்து புறப்படும் நாளில், இரண்டு உடுப்புக் குறைந்தாலும் பரவாயில்லை, நோயாளியின் பையில் மருத்துவமனையின் வெளியேற்ற அறிக்கை, ஸ்கான் படங்கள், கட்டிய பில்கள், வேலை ஒப்பந்தம், கடைசி மூன்று மாதச் சம்பளச் சீட்டு ஆகியவை இருக்கவேண்டும். அறிக்கையை ஆங்கிலத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். அரபு மொழியில் இருந்தால் இங்குள்ள வைத்தியருக்கும் விளங்காது, பணியகத்துக்குக் கொடுக்கவும் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளர் ஒருவரைத் தேடிப் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு கொடுக்கவேண்டி வரும்.